மின்மினி, நரம்பணு, நிரல்: பள்ளி மாணவர் மூளை ஆய்வுக்குள் நுழையும் வழிகள்

கோலசிலாங்கூர் நகரத்திலிருந்து சற்று உள்ளே, சிலாங்கூர் ஆற்றின் கரையில் கம்போங் குவாந்தான் இருக்கிறது. இருட்டியதும் பெரெம்பாங் மரங்களில் கூடும் மின்மினிகளைப் பார்க்கப் பல நாட்டுப் பயணிகள் அங்கே படகேறுகிறார்கள். அதே மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தை என்று முதியவர்கள் இன்னும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே, 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். பால்மரக்காட்டிலும் செம்பனையிலும் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்று பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் வட்டாரத்து இடைநிலைப்பள்ளிகளில் படிக்கிறார்கள்.

அவர்களின் மூன்றாம் படிவ அறிவியல் நூல் தூண்டலும் துலங்கலும் என்ற பாடத்தோடு தொடங்குகிறது. நான்காம் படிவ உயிரியலில் நரம்பணுவும் அனிச்சைச் செயலும் வருகின்றன. 2017-இல் வந்த புதிய கலைத்திட்டத்தில், கீழ்ப்படிவங்களுக்குக் கணினி அறிவியல் அடிப்படை என்ற விருப்பப்பாடம் சேர்ந்தது; ஸ்க்ராட்சிலும் பைத்தானிலும் எளிய நிரல் எழுத அது கற்றுத் தருகிறது. ஆக மின்மினி ஆற்றங்கரையில், நரம்பணு உயிரியல் நூலில், நிரல் கணினிக் கூடத்தில் இருக்கிறது. மூன்றும் ஒரே பாடவேளையில் சந்திப்பதற்குக் கலைத்திட்டத்தில் இடமில்லை.

அப்படிச் சந்திக்க வைத்தால் ஒரு பள்ளி மாணவர் மூளை ஆய்வின் வாசலுக்குள் காலெடுத்து வைக்க முடியுமா? உலகின் வேறு பல இடங்களில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன, வட சிலாங்கூர் போன்ற இடத்துக்கு எவை பொருந்தக்கூடும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கணக்கும் மூளையும் சேர்ந்த கதை

நரம்பியலையும் நிரலாக்கத்தையும் இணைப்பது கல்வியாளர்கள் அண்மையில் கண்டுபிடித்த உத்தி அன்று. 1907-இல் லூயி லாப்பிக் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் தவளை நரம்பை மின்சாரத்தால் தூண்டி, நரம்பணு மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும் விதத்தை ஒரு மின்தேக்கியின் கணக்காக எழுதினார். மின்னூட்டம் சேர்கிறது, கொஞ்சம் கசிகிறது, வரம்பைத் தாண்டினால் துடிப்பு பிறக்கிறது. இன்று கல்லூரி மாணவர்கள் முதலில் எழுதும் நரம்பணு நிரல் பெரும்பாலும் இந்தக் கணக்கின் வழிவந்ததுதான். 1943-இல் வாரன் மெக்கல்லோக்கும் வால்டர் பிட்சும் நரம்பணுவை ஆம், இல்லை என்று மட்டுமே சொல்லும் தர்க்கக் கருவியாகக் குறுக்கிக் காட்டினார்கள்.

1952-இல் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாயின் பருத்த நரம்பிழையில் துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதற்குச் சமன்பாடுகள் எழுதினார்கள். 1963-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டிய வேளையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி மாற்றியமைப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்குப் பொறியில் உட்கார்ந்து எண் எண்ணாகப் போட்டு முடித்தார். அவருக்கு நாள்கணக்கில் பிடித்த வேலையை இன்று ஒரு பள்ளிக் கணினி ஒரு நொடிக்குள் செய்துவிடும். இரண்டாயிரமாம் ஆண்டுகளில் இந்தத் துறையில் பைத்தான் பரவியதும், 2003-இல் யூஜின் இஷிகேவிச் இரண்டே சமன்பாடுகளில் பலவகை நரம்பணுக்களின் துடிப்பை வரைந்து காட்டியதும் தடையை மேலும் தாழ்த்தின.

தடை தாழ்ந்ததாலேயே பிள்ளைகள் உள்ளே வந்துவிடுவார்களா என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

தொட்டுப் பார்த்துத் தொடங்குவோர்

ஒரு சாரார் உயிருள்ள நரம்பின் ஓசையைக் கேட்காமல் நரம்பியல் இல்லை என்பவர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த கிரெக் கேஜ், டிம் மார்சுல்லோ இருவரும் 2009 வாக்கில் தொடங்கிய பேக்யார்ட் பிரெய்ன்ஸ், கரப்பான்பூச்சியின் காலிலிருந்து எழும் நரம்புத் துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்கவைக்கும் ஸ்பைக்கர்பாக்ஸ் என்ற கருவியை உருவாக்கியது. ஆய்வகங்களில் பல்லாயிரம் டாலர் விலையுள்ள ஏற்பாட்டை நூறு டாலருக்கும் குறைவான செலவில் செய்துகாட்டியது இதன் பெருமை. பதிவான துடிப்புகளை எண்ணவும் வகைப்படுத்தவும் வரும்போது மாணவருக்கு நிரல் எழுதும் தேவை தானாகவே எழுகிறது. பூச்சியைக் குளிரூட்டி மயக்கிக் காலை அகற்றுவது குறித்தும், பின்னர் வந்த, உயிருள்ள கரப்பானைக் கைப்பேசியால் திருப்பும் கருவி குறித்தும் அறநெறிக் கேள்விகள் எழுந்தன. அவற்றைப் பிள்ளைகளோடு வெளிப்படையாகப் பேசாமல் தாண்டிப் போவது சரியாகாது.

இன்னொரு சாரார் ரோபோவைக் கையில் எடுத்தார்கள். 1940-களின் இறுதியில் பிரிஸ்டலில் கிரே வால்டர் இரண்டு மின்வால்வுகளை மட்டுமே மூளையாகக் கொண்ட எந்திர ஆமைகளைச் செய்தார். வெளிச்சத்தை நாடிப் போகும் அவை, இரண்டே நரம்பணுவின் அளவில் எவ்வளவு நடத்தை பிறக்கும் என்று காட்டின. 1967-இல் சீமோர் பாப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் குழந்தைகளுக்காக லோகோ மொழியை உருவாக்கினார்கள். அதன் ஆமையும் முதலில் தரையில் ஊர்ந்த ரோபோதான். இந்தப் பரம்பரையில் அண்மைய வரவு, மாணவர்களே செயற்கை நரம்பணுக்களை இணைத்து ரோபோவுக்கு மூளை கட்டும் பயிற்சி. கிறிஸ்டோபர் ஹாரிசும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் அதை நடத்தி, மூளையைக் கணினி மாதிரிகளால் ஆராயும் கணிப்பு நரம்பியலில் அவர்களின் திறனும் தன்னம்பிக்கையும் கூடியதாக 2020-இல் எழுதினார்கள்.

குறுகிய பயிற்சி முடிந்த கையோடு அளக்கும் தன்னம்பிக்கைக்கு எவ்வளவு எடை தருவது? 1980-களில் லோகோ மேல் இருந்த நம்பிக்கைக்கு நேர்ந்தது இங்கே நினைவுகொள்ளத்தக்கது. நிரல் எழுதக் கற்றால் சிந்தனையே கூர்மையாகும் என்று அப்போது பரவலாக நம்பினார்கள். ராய் பீயும் மிடியன் குர்லாண்டும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், லோகோ கற்ற பிள்ளைகள் வேறு திட்டமிடும் பணிகளில் கற்காதவர்களைவிட மேம்படவில்லை என்று காட்டினார்கள். நிரலாக்கத் திறன் நிரலாக்கத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. பாப்பர்ட் இதை ஏற்கவில்லை. நிரலாக்கத்தை அது வளரும் சூழலிலிருந்து பிரித்து மருந்தைப் போலச் சோதிப்பதே தவறு என்று மறுத்தார். இந்த வழக்கு இன்றும் முழுதாக முடியவில்லை. ஆனால் ஒரு பாடம் மிஞ்சியிருக்கிறது: நிரலைக் கற்பித்துவிட்டால் நரம்பியல் தானாக வரும் என்று யாரும் கருதக்கூடாது.

தரவு திறந்திருக்கிறது, ஆசிரியர் எங்கே?

மூன்றாவது நிலைப்பாடு திறந்த தரவை நம்புகிறது. 2012-இல் செபாஸ்டியன் சங் குழுவினர் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ஐவயர் என்ற இணைய விளையாட்டில் பொதுமக்கள் விழித்திரை நரம்பணுக்களின் கிளைகளை வண்ணமிட்டுத் தொடர்ந்தார்கள்; அந்த உழைப்பில் விளைந்த கட்டுரை 2014-இல் நேச்சர் இதழில் வந்தது. 2024 அக்டோபரில் ஒரு பழ ஈயின் மூளை முழுவதன் வரைபடம், 1,39,255 நரம்பணுக்களோடு, யாரும் தரவிறக்கிப் பார்க்கும்படி வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள மனித மூளையின் 5,132 வெட்டுப்படங்களைத் தாரணி என்ற பெயரில் உலகுக்குத் திறந்துவிட்டது. தமிழ் மண்ணிலிருந்து வந்த இந்தத் தரவைத் தமிழ்ப் பிள்ளைகள் கையாளும் நாள் வர வேண்டும் என்பது நியாயமான ஆசை.

ஆனால் தரவு மலையாகக் குவிவதாலேயே ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கேள்வி பிறந்துவிடாது. 2006-இல் பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும், துறை அறிவு இல்லாத தொடக்கநிலை மாணவரை வழிகாட்டலின்றிக் கண்டுபிடிக்கவிட்டால் நினைவின் சுமைதான் கூடும், கற்றல் கூடாது என்று வாதிட்டார்கள். அந்த வாதம் மிகக் கடுமையானது என்று மறுத்தவர்கள் உண்டு. புதிய நிரல்மொழி, புதிய உயிரியல், புதிய புள்ளியியல் மூன்றும் ஒரே நேரத்தில் தலையில் ஏறும் இடத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் எழுந்த நியூரோமேட்ச் அகாடமி உலகெங்குமுள்ள மாணவர்களுக்குப் பைத்தான் வழியே கணிப்பு நரம்பியலைக் கற்பித்தது. அதன் வெற்றிக்குக் காரணம் தரவு மட்டுமன்று. சிறு குழுவுக்கு ஓர் உதவி ஆசிரியர் என்று அது செய்த ஏற்பாடும்தான். அதுவும் நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் தெரிந்த பல்கலைக்கழக மாணவருக்கே. பள்ளிக்கு அதை அப்படியே இறக்க முடியாது.

ஆற்றங்கரையின் முந்நூறு ஆண்டுக் கேள்வி

இங்கேதான் கோலசிலாங்கூர் வட்டாரத்துக்குத் தனி வாய்ப்பு ஒன்று இருக்கிறது. கம்போங் குவாந்தானில் மின்னுவது டெராப்டிக்ஸ் டெனர் என்ற இனம். ஒரே மரத்திலுள்ள ஆண்பூச்சிகள் சேர்ந்து ஒரே தாளத்தில் மின்னுகின்றன. எப்படி என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

1690-இல் சயாம் ஆற்றில் பயணம் செய்த எங்கெல்பெர்ட் கெம்ப்ஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் மரம் முழுவதும் ஒன்றாக ஒளிர்ந்து ஒன்றாக அணைவதை எழுதிவைத்தார். மேலைநாட்டு அறிஞர் பலர் அதை நம்பவில்லை. 1917-இல் ஃபிலிப் லாரன்ட் என்பவர், தன் இமைகள் துடித்ததாலேயே அப்படித் தெரிந்தது என்று சயன்ஸ் இதழில் எழுதினார். தற்செயல் என்றார்கள், காற்று என்றார்கள், தாளம் போட்டுத் தரும் தலைவன் பூச்சி ஒன்று இருக்கும் என்றார்கள். சயாமில் பல ஆண்டுகள் இருந்த ஹியூ ஸ்மித் 1935-இல் தன் நேர்க்காட்சியை விரிவாக எழுதியபின்தான் நிகழ்வு உண்மை என்பது நிலைபெற்றது.

விளக்கம் வரத் தாமதமானது. 1960-களின் நடுவில் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியர் தாய்லாந்துக்குப் போய்ப் பூச்சிகளைப் பிடித்து, பாங்காக்கில் தங்கியிருந்த விடுதி அறையின் இருட்டில் பறக்கவிட்டார்கள். சுவரில் அமர்ந்த பூச்சிகள் முதலில் இரண்டு மூன்றாகவும் பிறகு பெருங்கூட்டமாகவும் தாளத்தில் இணைந்தன. தலைவன் யாருமில்லை. ஒவ்வொரு பூச்சியின் மூளைக்குள்ளும் ஒரு தாளக் கடிகாரம் இருக்கிறது. அண்டையின் ஒளி பட்டதும் அது தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பது அவர்கள் வந்துசேர்ந்த முடிவு. ஃபிராங்க் ஹேன்சன் செயற்கை ஒளியைக் காட்டிச் செய்த சோதனைகள், திருத்திக்கொள்ளும் முறை இனத்துக்கு இனம் மாறுகிறது என்று வெளிப்படுத்தின.

பிறகு கணிதம் நுழைந்தது. 1975-இல் சார்லஸ் பெஸ்கின் இதயத்தின் தாளச் செல்களுக்கு எழுதிய மாதிரியை எடுத்துக்கொண்டு, 1990-இல் ரெனாட்டோ மிரொல்லோவும் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்சும் ஒரு நிரூபணம் தந்தார்கள். தாளத்தில் இயங்கும் ஒரே மாதிரியான அலைவிகள் எத்தனை இருந்தாலும், எல்லாம் ஒன்றையொன்று பார்க்குமானால், எங்கிருந்து தொடங்கினாலும் ஏறத்தாழ எப்போதும் ஒரே தாளத்தில் வந்து சேரும் என்பதே அது. மறு ஆண்டே பார்ட் எர்மன்ட்ராவுட், தாய்லாந்து இனத்துக்கு இந்த மாதிரி போதாது, அந்தப் பூச்சி தன் கடிகாரத்தின் வேகத்தையே மாற்றிக்கொள்கிறது என்று வேறொரு மாதிரியை முன்வைத்தார். 2023-இல் ஓரிட் பெலெக் குழு அமெரிக்காவின் ஃபோட்டினஸ் கரோலினஸ் இனத்தில் இன்னும் அடிப்படையான ஐயத்தைக் கிளப்பியது: தனித்து விடப்பட்ட பூச்சிக்கு ஒழுங்கான தாளமே இல்லை, கூட்டத்தில்தான் தாளம் பிறக்கிறது. அது வேறு கண்டத்து வேறு இனம்; ஆனால் தனிக் கடிகாரம் என்ற அடித்தளம் எல்லா இனத்துக்கும் பொருந்தாமல் போகலாம் என்பதை நினைவூட்டுகிறது.

இருபது வரி நிரல்

இந்த வரலாற்றை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மிரொல்லோ, ஸ்ட்ரோகாட்ஸ் மாதிரியைத் தொடக்கநிலை மாணவர் பைத்தானில் ஏறத்தாழ இருபது வரியில் எழுதலாம். ஒவ்வொரு பூச்சிக்கும் ஓர் எண். நேரம் நகர நகர அது பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றை நோக்கி, முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் ஏறுகிறது. ஒன்றைத் தொட்டதும் பூச்சி மின்னுகிறது, எண் பூஜ்ஜியமாகிறது, மற்றப் பூச்சிகளின் எண்கள் சிறிது உயர்கின்றன. கூட்டலும் பெருக்கலும், திரும்பச் செய்யும் ஒரு கட்டளையும் போதும். நுண்கணிதம் வேண்டாம்.

பூச்சி என்ற இடத்தில் நரம்பணு என்றும், ஒளி என்ற இடத்தில் நரம்பிணைப்பு என்றும் எழுதினால் அது லாப்பிக்கின் நரம்பணுக்களால் ஆன ஒரு வலையாகிவிடுகிறது. வலிப்பு நோயில் நரம்பணுக்கள் அளவு மீறி ஒன்றாகத் துடிப்பதும், பார்க்கின்சன் நோயில் அடிமூளைக் கணுக்களில் தாளம் பிசகாக ஒன்றிப்போவதும் இதே குடும்பத்துக் கேள்விகள். ஆற்றங்கரைப் பூச்சியிலிருந்து மருத்துவமனை வரை ஒரே நிரல் வழிகாட்டும் இத்தகைய தொடக்கம் பாடத்திட்டங்களில் அரிது.

குறைகளும் இருக்கின்றன. நிரல் எப்போதும் வெற்றி பெறுகிறது. திரையில் புள்ளிகள் ஒன்றாக மின்னியதும் இயற்கை இப்படித்தான் செய்கிறது என்று மாணவர் நம்பிவிடக்கூடும். மெய்யான நரம்பணுக்களில் செய்தி சென்றுசேரத் தாமதம் உண்டு, ஒன்றை ஒன்று அடக்கும் இணைப்புகளும் உண்டு. நிரலில் அவை இல்லை. எர்மன்ட்ராவுட், பெலெக் ஆகியோரின் மறுப்புகளையும் சேர்த்துக் கற்பித்தால்தான் இது ஆய்வுக்கான பயிற்சியாகும். மறுப்பைச் சோதிக்க மாணவர் நிரலின் ஒரு வரியை மாற்றிப் பார்க்கலாம். பூச்சிகளின் வேகத்தை வெவ்வேறாக்கலாம், அருகிலுள்ளதை மட்டும் பார்க்கவிடலாம், ஏறும் கோட்டை நேராக்கிப் பார்க்கலாம். நேர்க்கோட்டுக்கு அந்த நிரூபணம் பொருந்தாது.

மாதிரியை மெய்யான தரவோடு ஒப்பிடவும் இங்கே வழி இருக்கிறது. மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் லாரன்ஸ் கிர்ட்டனும் நாடா பத்ருதீனும் உடன் ஆய்வாளர்களும் சிலாங்கூர் ஆற்று மின்மினிகளின் எண்ணிக்கையை இரவுப் புகைப்படங்களிலிருந்து கணினிப் படப் பகுப்பாய்வால் கண்காணிக்கும் முறையை 2012-இல் வெளியிட்டார்கள். ஒரு படத்தில் ஒளிப்புள்ளிகளை எண்ணுவது பைத்தான் கற்கும் மாணவருக்கு எட்டும் பணிதான். கரையோர மரங்கள் அழிவதும் செயற்கை வெளிச்சமும் பூச்சிகளைப் பாதிக்கின்றன என்ற கவலை நீண்ட நாளாக உள்ளதால், ஃபிளாஷ் இல்லாமல், கூட்டம் சேர்க்காமல், ஆய்வாளர்கள் ஏற்கெனவே எடுத்த படங்களைக் கொண்டு தொடங்குவதே முறை.

மூன்று மொழி, ஒரு கணினிக் கூடம்

வாய்ப்பு இருப்பதும் அது பிள்ளையின் கைக்கு வருவதும் வேறு வேறு. தமிழ்ப்பள்ளி ஆறாண்டோடு முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் அறிவியல் மலாயில், அல்லது 2016-இல் தொடங்கிய இருமொழித் திட்டம் உள்ள பள்ளிகளில் ஆங்கிலத்தில். பைத்தானின் கட்டளைகள் ஆங்கிலம். நரம்பணுவை ஒரு மொழியில் படித்து, இன்னொரு மொழியில் நிரல் எழுதி, மூன்றாவது மொழியில் வீட்டில் விளக்கும் பிள்ளை சுமப்பதை அளந்த ஆய்வு மிகக் குறைவு. ஸ்க்ராட்ச் பயனர்களை ஆராய்ந்த சாயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும், கட்டளைகள் தாய்மொழியில் இருந்தால் புதிய கருத்துகளை விரைவாகக் கையாள்கிறார்கள் என்று 2017-இல் காட்டினார்கள். தமிழிலேயே நிரல் எழுத முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி இந்தத் திசையில் மதிக்கத்தக்க முயற்சி. எனினும் ஆய்வுலகின் நூலகங்களும் தரவும் பைத்தானில் இருப்பதால், எழிலில் தொடங்கும் பிள்ளை ஒருநாள் கடந்தாக வேண்டிய பாலம் எஞ்சி நிற்கிறது. விளக்கம் தமிழிலும் மலாயிலும், நிரல் பைத்தானிலும் என்ற நடுவழி பொருந்தக்கூடும்; அதையும் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

பள்ளி நேரத்துக்கு வெளியே இயங்கும் அமைப்புகளை இந்தச் சமூகம் ஏற்கெனவே வளர்த்து வைத்திருக்கிறது. 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் தலைமுறை கடந்து தோட்டத்துப் பிள்ளைகளைத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தியது. அஸ்தி என்னும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் விழாவும் இடைநிலை மாணவர்களுக்கு இளம் கண்டுபிடிப்பாளர் போட்டியும் நடத்திவருகிறது. தேர்ச்சிக்கும் போட்டிக்கும் கட்டப்பட்ட இந்த மேடைகளில், விடை தெரியாத கேள்வியோடு பல மாதம் உட்கார்ந்திருக்கும் ஆய்வுப் பழக்கத்துக்கு இடம் கிடைக்குமா என்பது பார்க்க வேண்டிய ஒன்று.

தீர்ந்ததும் தீராததும்

தொகுத்துப் பார்க்கையில் சில செய்திகள் ஓரளவு உறுதியாகத் தெரிகின்றன. தொடக்கநிலை நிரலால் மெய்யான நரம்பியல் மாதிரியை எழுத முடியும். நெருங்கிய வழிகாட்டல் இல்லாமல் அது நிற்காது. நிரல் கற்றதாலேயே ஆய்வுச் சிந்தனை வந்துவிடும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை.

மாணவர் ஆய்வுப் பயிற்சிகளைப் பற்றி டிராய் சாட்லரும் பிறரும் 2010-இல் செய்த மதிப்பாய்வு, பெரும்பாலான ஆய்வுகள் பங்கேற்றவர்களின் தன்மதிப்பீட்டையே சார்ந்திருக்கின்றன என்று குறை கண்டது. அந்தக் குறை இன்னும் நீங்கவில்லை. இத்தகைய பயிற்சிகளுக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே ஆர்வமும் வசதியும் உள்ளவர்களா, பயிற்சி யாரை மாற்றியது என்பதைப் பிரித்தறிய ஒப்பீட்டுக் குழு வேண்டும். ஐந்து, பத்து ஆண்டுத் தொடர் கவனிப்பு வேண்டும். தோட்டப் பின்னணி மாணவரை மையமாகக் கொண்ட அத்தகைய ஆய்வு செய்யத்தக்கது.

அதைத் தொடங்கப் பெரிய முதலீடு தேவையில்லை. பெஸ்தாரி ஜெயாவிலேயே சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. வன ஆராய்ச்சிக் கழகத்திடம் ஆற்றின் படங்கள் இருக்கின்றன. இரண்டு மூன்று இடைநிலைப்பள்ளிகளில் உயிரியல் ஆசிரியரும் கணினி ஆசிரியரும் வாரம் ஒரு மாலை சேர்ந்து உட்கார இசைந்து, பயிற்சியில் சேர்ந்தவர், சேராதவர் இருசாராரின் முன்னேற்றத்தையும் முதல் நாளிலிருந்தே பதிந்துவைத்தால் போதும். பிற நாடுகளில் நடந்த பல பயிற்சிகள் தவறவிட்ட சான்று கோலசிலாங்கூர் மாவட்டத்திலிருந்து கிடைக்கும். பல்கலைக்கழகமும் பள்ளித் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் அடுத்த கல்வியாண்டிலேயே இதைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.